பாங் மான்சு கண்ணை மூடிய நாள்

பொல்க்யோ என்ற கடலோரச் சிற்றூரின் சபையில் அதிகாலை ஜெபத்துக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர்களுக்கு வருடக் கடைசியில் ஒரு துண்டு கொடுப்பார்கள். வெளிர்நீலத் துண்டு. ஓரத்தில் சபையின் பெயரும் வருடமும் ‘முழு வருகை’ என்ற எழுத்தும் அச்சடித்திருக்கும். உதவிக்காரர் பாங் மான்சுவின் வீட்டில் அப்படிப் பத்தொன்பது துண்டுகள் இருந்தன. பழையவற்றால் தரை, கொஞ்சம் பழையவற்றால் பாத்திரம், புதியவற்றால் முகம் என்று அவர் மனைவி பிரித்து வைத்திருந்தாள். அந்தப் பத்தொன்பது வருடங்களில் மான்சு ஒரு தடவைகூட ஜெபம் பண்ணியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். மான்சுவுக்கும் தெரியும். தேவனுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் மான்சு நினைத்தார். துண்டு கொடுக்கும் குழுவுக்கு மட்டும் தெரியாது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. மனைவியின் நச்சரிப்புக்காகச் சபைக்கு வர ஆரம்பித்த மூன்றாவது ஞாயிறு, அப்போதிருந்த போதகர் மேடையிலிருந்து கேட்டார்: “கியர் வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?” மான்சு கையைத் தூக்கினார். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் அவருக்குள் என்னவோ ஒன்று அசைந்துகொண்டிருந்தது. போதகரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றுகூட நினைத்திருந்தார். தேவனைத் தேடி வந்த மனிதர் கையில் பதினைந்து இருக்கை வேனின் சாவியைக் கொடுத்தார்கள். தூக்கிய கை அதற்கப்புறம் கீழே இறங்கவில்லை.

வேன் மூன்று மணி நாற்பதுக்குக் கிளம்பும். பதினான்கு கிழவிகள். ஒருத்திக்கு முன்விளக்கை இரண்டு தடவை மின்னவைக்க வேண்டும். ஒருத்திக்குக் காது கேட்காது. அவள் வீட்டு நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாய் குரைத்து அவளை எழுப்பும். ஒருத்தி வாசலில் நிற்க மாட்டாள், அரிசி ஆலையின் பின்பக்கம்தான் நிற்பாள், காரணம் சொல்ல மாட்டாள். எண்பத்து நாலு வயதான யோம் அம்மாவுக்கு முன் இருக்கை. முப்பத்தொரு வருடமாக ஒரு விடியலும் தவறாதவள் என்பதால் அந்த இருக்கை அவளுக்கு எழுதி வைத்த மாதிரி. ஐந்து மணிக்கு ஆலய வாசலில் எல்லாரையும் இறக்கிவிட்டால் உடனே வண்டியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மீன் சந்தை லாரிகள் சந்துக்குள் நுழைய முடியாமல் ஹாரன் அடித்து, உள்ளே ஜெபிப்பவர்களை வேறு விதமாக ஜெபிக்க வைத்துவிடும். ஆற்றங்கரையில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தால் பிரசங்கம் பாதி போயிருக்கும். கடைசி பெஞ்சில் உட்காருவார். அங்கே ஹீட்டர் இருக்கிறது. தனி ஜெபத்துக்காக விளக்கை அணைப்பார்கள். மூன்றரைக்கு எழுந்த மனிதரை வெதுவெதுப்பான இருட்டில் உட்காரவைத்துக் கண்ணை மூடு என்றால் என்ன நடக்குமோ அதுதான் பத்தொன்பது வருடமாக நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். மூன்று ஆராதனை, ஆறு நடை. முழுப் பிரசங்கம் ஒன்றுகூட அவர் கேட்டதில்லை. திரும்பும் வழியில் வேனுக்குள் கிழவிகள் பேசிக்கொள்வதிலிருந்துதான் வேதத்தைக் கற்றுக்கொண்டார். அதனால் அவருக்குத் தெரிந்த மோசே கொஞ்சம் முழங்கால் வலிக்காரர். அவருக்குத் தெரிந்த பவுல், மருமகளை அடக்கி வைக்கத் தெரியாதவர்.

வார நாளில் எட்டு மணிக்கு மழலையர் பள்ளி வண்டி. மதியத்திலிருந்து இரவு வரை டியூஷன் பிள்ளைகளின் வண்டி. நடுவே மனைவியின் சிப்பிக் கடைக்கு மூட்டை இறக்கல். அவருக்கு வயது அறுபத்தொன்று. ஊரில் எல்லாரையும் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். தான் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்ற நினைப்பு எப்போதாவது சிவப்பு விளக்கில் வரும். பச்சை விழுந்ததும் போய்விடும்.

நவம்பர் மாதம், சிப்பி சீசன் ஆரம்பித்த வாரம், மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். குவாங்ஜு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. வியாழக்கிழமை காலை எட்டு மணி. முந்தின ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் கண்ணை மூடி நீளமாக ஸ்தோத்திரம் சொன்னாள். அவள் கண்ணைத் திறந்தபோது அவர் ஏழாவது சிப்பியைத் தின்றுகொண்டிருந்தார்.

“போரா அப்பா,” என்றாள். மகள் போரா பிறந்ததிலிருந்து அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். அவரும் அவளைப் போரா அம்மா என்றுதான் கூப்பிடுவார். ஊர் வழக்கம் அது. “சபைக் குறிப்புல ஜெபத்துக்குன்னு எம் பேரப் போட்டிருக்காங்க, பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“ஏழாம் நம்பர். கூரை ஒழுகலுக்குக் கீழ.”

“பனிக்காலம் வருதுல்ல.”

“ஊரே எனக்காக ஜெபம் பண்ணுது. நல்லதுதான். ஆனா நீங்க பண்ணுங்க.”

அவர் சிப்பி ஓட்டைக் கீழே வைத்தார். “போதகர் நல்லாப் பண்ணுவாரே. அவருக்குத்தான் அந்தப் படிப்பு.”

“அவரு எனக்குப் புருஷனா? நீங்க பண்ணணும். வியாழக்கிழமை என்னை உள்ள தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி. ஓட்டிக்கிட்டே பண்றது கணக்குல வராது. வண்டிய நிறுத்திட்டு, கண்ண மூடி, கையக் கோத்து. ஒரே ஒரு தடவ.” தன் பங்குச் சிப்பியை அவர் பக்கம் தள்ளினாள். “முப்பத்தஞ்சு வருஷத்துல நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல.”

இது உண்மையல்ல. போன வாரம்தான் குளிர்சாதனப் பெட்டி கேட்டாள். ஆனாலும் மான்சு அதைச் சுட்டிக்காட்டவில்லை.

அவள் பயந்திருந்தாள். அவரும் பயந்திருந்தார். அவள் பயத்துக்குப் போக ஒரு இடம் இருந்தது. அவருக்கு வண்டிதான் இருந்தது.

திங்கட்கிழமை அரைமணி நேரம் முன்னதாக எழுந்தார். மெத்தைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, மெத்தையில் தலையைச் சாய்த்து, “ஆண்டவரே” என்றார். அடுத்து என்ன சொல்வது என்று யோசித்தார். யோசித்து முடித்தபோது மணி நாலு இருபது.

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக வேன் தாமதமாக வந்தது. அரிசி ஆலையின் பின்னால் நின்றவள் உறைந்துபோயிருந்தாள். யோம் அம்மா வெந்நீர்ப் பையை அணைத்தபடி முன் இருக்கையில் ஏறினாள்.

“ஏம்ப்பா மான்சு, ஒடம்புக்கு முடியலையா?”

“ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்.”

பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்: “தூங்கிட்டியா?”

“இல்ல.”

யோம் அம்மா அவர் கன்னத்தைப் பார்த்தாள். மெத்தை விரிப்பின் பூப்போட்ட தையல் அப்படியே பதிந்திருந்தது. முப்பத்தொரு வருடம் ஜெபித்த பெண்மணி என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றே மதியம், பிள்ளைகள் வருவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது, மழலையர் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திக் கையைக் கோத்தார். இந்தத் தடவை ‘ஆண்டவரே’வுக்குப் பிறகு ‘என்னுடைய’ வரை வந்தார். கண்ணாடியில் பதினெட்டுச் சின்ன முகங்கள் அழுந்தியிருந்தன. “டிரைவர் தாத்தா தூங்குறாரு!” என்று ஒரு பெண் குழந்தை டீச்சரிடம் கத்தியது. “இல்ல,” என்றார் மான்சு. அதுவும் உண்மையல்ல.

செவ்வாய்க்கிழமை யோன்சிம் — அதுதான் மனைவியின் பெயர், ஆனால் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை — ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். தலைநகர் சியோலிலிருந்து மகள் போரா வந்து கூடவே தங்கினாள். பையில் மாற்றுத்துணியோடு கடைசியாக வந்த துண்டு இரண்டையும் யோன்சிம் எடுத்துக்கொண்டாள். மான்சு அவற்றைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஜிப்பை மூடினார். பிறகு நேரே போதகரிடம் போனார்.

“வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் வேற யாராச்சும் ஓட்டட்டும், போதகரய்யா. நான் உள்ள உக்காந்து ஜெபம் பண்ணணும்.”

போதகர் நல்ல மனிதர். வயது நாற்பத்தைந்து. எல்லாவற்றுக்கும் பொருத்தமான ஒரு வாக்கியம் அவரிடம் இருக்கும். “அண்ணே, நீங்க வண்டி ஓட்டறீங்கல்ல, அதுதான் உங்க ஜெபம். அந்த ஸ்டியரிங்தான் உங்க ஜெப அறை. போன மாசம் பிரசங்கத்துலகூட உங்களத்தான் சாட்சியாச் சொன்னேன்.”

“நான் அப்போ மூணாவது நடை போயிருந்தேன்.”

“எல்லாரும் அழுதாங்க.”

இந்த வாக்கியத்தை மான்சு மூன்று போதகர்களிடமிருந்தும், ஐந்து மூப்பர்களிடமிருந்தும், கணக்கில்லாத உதவிக்காரிகளிடமிருந்தும் கேட்டிருந்தார். அதில் அன்பு இல்லாமலில்லை. ஆனால் வேறு ஓட்டுநர் தேட வேண்டாம் என்ற நிம்மதி அதில் நிறைய இருந்தது. சமையலறையில் கிடப்பவளிடம் சமைப்பதே ஜெபம் என்பார்கள். நாற்காலி அடுக்குகிறவரிடம் அடுக்குவதே ஜெபம் என்பார்கள். ஜெபமே ஜெபம் என்று சொல்லி ஒருவரை உள்ளே உட்காரவைக்க மட்டும் யாருக்கும் தோன்றாது.

“நான் ஓட்டறது ஓட்டறதுதான், போதகரய்யா,” என்றார் மான்சு. “எனக்குத் தெரியாதா?”

சபை நூற்றிருபது பேர் கொண்டது. கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவர்களைத் தேடினார்கள். மூப்பர் ஒருவருக்குத் தெரியும்; அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இன்னொருவர் ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர், கிழவிகள் மறுத்துவிட்டார்கள். போதகரின் உரிமம் கியர் இல்லாத வண்டிக்கானது. இருந்தாலும் நல்ல மனிதர் என்று சொன்னேனே, புதன்கிழமை சாயங்காலம் ஆலய முற்றத்தில் மான்சுவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார். வேன் முட்டியதில், முற்றத்துப் பழமரமான சீமைப்பனிச்சையில் மிச்சமிருந்த பழமெல்லாம் கூரையில் விழுந்தன. ஊர் வழக்கப்படி காக்கைகளுக்கென்று விட்டுவைத்த பழங்கள் அவை.

“மன்னிச்சிருங்கண்ணே,” என்றார் போதகர், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

“மரம் பரவால்ல,” என்றார் மான்சு.

ஓட்டாமலே விட்டுவிடலாமா என்று ராத்திரி மனைவியிடம் போனில் கேட்டார்.

“அதெல்லாம் வேணாம். அந்தப் பொம்பளைங்க குளிருல நின்னு எனக்குச் சாபம் விடுவாங்க. விட்டுட்டு வாங்க. நீங்க வர்றவரைக்கும் என்னை உள்ள கொண்டுபோக மாட்டாங்க, ஏழே முக்காலுக்குத்தான். ஜெபம் மட்டும் மறந்துராதீங்க.”

கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆராதனை முடிய ஐந்தே முக்கால். எல்லாரையும் வீட்டில் விட ஆறரை. குவாங்ஜு போய் வண்டி நிறுத்த ஏழு நாற்பது. ஐந்து நிமிடம் அவள் முகத்தைப் பார்க்கலாம். வண்டியை நிறுத்திக் கண்ணை மூட நடுவில் இடமே இல்லை. கடைசி பெஞ்ச் இருக்கிறது. அங்கே என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மூன்று நாற்பதுக்குக் கிளம்பினார். விளக்கை மின்னவைத்தார். நாயைக் கூப்பிட்டார். ஆலையின் பின்பக்கம் போனார். பதினான்கு பேரும் ஏறியபோது நாலே முக்கால். சேற்றுக்கடலை ஒட்டிய கரைச்சாலையில், பாலத்துக்கு முன்னால், சிவப்பு விழுந்தது. குறுக்கே ஒரு வண்டியும் இல்லை. மான்சு “கர்த்தாவே” என்றார், வாய்க்குள்.

பச்சை விழுந்தது.

மான்சு பச்சை விளக்கைப் பார்த்தார். கிளட்சில் கால் இருந்தது. பத்தொன்பது வருடமாக இந்தப் பச்சைக்குப் போயிருக்கிறார். அவள் உள்ளே போய்த் திரும்பி வராவிட்டால், கேட்ட ஒன்றைச் செய்யாதவன் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டு போயிருப்பாள் என்று தோன்றியது. வண்டியை ஓரம் கட்டினார், கைப்பிரேக்கை இழுத்தார், எஞ்சினை அணைத்தார்.

“டீசல் இல்லையா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“டயரா?”

“ஐயோ, எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வருதே.”

“டீசல் இருக்கு,” என்றார் மான்சு. திரும்பாமலே பேசினார். “இன்னிக்கு எட்டு மணிக்கு எம் பொண்டாட்டிக்கு ஆபரேஷன். நான் அவளுக்காக ஜெபம் பண்ணணும்னு சொல்லியிருக்கா. வண்டிய நிறுத்திட்டுப் பண்ணணுமாம். எனக்கு வேற நேரம் கிடைக்கல. அஞ்சு நிமிஷம் நீங்கள்லாம் சும்மா உக்காந்திருங்க. எனக்கு ரொம்ப பயமா இருக்கு.”

பத்தொன்பது வருடத்தில் அவர் வேனுக்குள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

“சும்மா உக்காரவா?” என்றாள் யோம் அம்மா. “ஜெபம் பண்றவனப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்கார்றதுக்கா நாங்க இந்தக் குளிருல எந்திரிச்சு வர்றோம்? அவ பேரு என்ன?”

“போரா அம்மா.”

“அது பேராய்யா? பரலோகத்துல எத்தனை போரா அம்மா கேஸு இருக்கோ. சொந்தப் பேரச் சொல்லு.”

மான்சு ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. “சூ யோன்சிம்,” என்றார். சொன்னபோது வாய்க்கே அது புதிதாக இருந்தது.

“சூ வீட்டுப் பொண்ணா அவ?” என்று பின்னால் ஒருத்தி வியந்தாள். “இருபது வருஷமா அவகிட்ட சிப்பி வாங்குறேன்.”

“வாயை மூடிட்டு ஜெபம் பண்ணு,” என்றாள் யோம் அம்மா.

இந்த ஊரில் சேர்ந்து ஜெபிப்பதென்றால் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதல்ல. எல்லாரும் மூன்று தடவை ‘கர்த்தாவே’ என்று கத்திவிட்டு, அவரவர் சொல்ல வேண்டியதை அவரவர் குரலில் ஒரே நேரத்தில் சொல்வது. ஆலயத்தில் அதற்கு உயரமான கூரை உண்டு. வேனின் கூரை தலைக்கு ஒரு சாண் மேலே. பதினான்கு கிழவிகள் ஒன்றாகக் கத்தியபோது வேன் நிஜமாகவே ஆடியது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. கரைச்சாலையில் வந்த குப்பை லாரிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். உள்ளே கேட்ட சத்தத்தில் கையை இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

மான்சு கண்ணை மூடினார். கையைக் கோத்தார். அவர் உதடு இரண்டு தடவை அசைந்தது. கண்ணைத் திறந்திருந்தவர்கள் யாருமில்லாததால் அதை யாரும் பார்க்கவில்லை.

ஐந்து நிமிடம் என்று சொன்னது அவருடைய கணக்கு. கிழவிகளுக்கு ஐந்து நிமிடத்தில் தொண்டைகூடச் சூடாகாது. கடைசி ஆமென் விழுந்தபோது மணி ஐந்து இருபது. மான்சு சாவியைத் திருப்பினார். ஆலயம் பாலத்துக்கு அந்தப் பக்கம்.

“எங்க போற?” என்றாள் யோம் அம்மா.

“கோயிலுக்கு.”

“எதுக்கு? ஜெபம்தான் முடிஞ்சதே. இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு இன்னொரு தடவ எவ பண்றது? வண்டியத் திருப்பு. எங்கள வீட்டுல விட்டுட்டு நீ அவகிட்டப் போ.”

“வருகை?” என்றார் மான்சு. “உங்களுக்கு முப்பத்தொரு வருஷம்.”

யோம் அம்மா வெந்நீர்ப் பையை மடியில் சரிசெய்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு வந்து போனது. அவளுக்கு அது லேசான காரியமில்லை. அந்த வருகையின் இருபத்திரண்டாம் வருடம் கை ஒடிந்தபோதுகூடக் கட்டோடு வந்தவள்.

“வீட்டுல துண்டு வைக்க இடமில்ல,” என்றாள். “திருப்பு.”

பின்னால் ஒருத்தி, தனக்கு ஒன்பது வருடம்தான் ஆகிறது, தன் வீட்டில் இடம் இருக்கிறது என்று முனகினாள். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பொல்க்யோ ஆலயத்தில் அன்று போதகரும், பியானோவில் அவர் மனைவியும், நடந்து வரும் நான்கு பேரும் மட்டும் இருந்தார்கள். போதகர் மூன்று தடவை போன் பண்ணினார். மான்சு எடுக்கவில்லை, ஓட்டிக்கொண்டிருந்தார். நாலாவது தடவை யோம் அம்மாவின் போன் அடித்தது. “நாங்க ஆராதனை முடிச்சிட்டோம், போதகரய்யா. நீங்க ஆரம்பிங்க,” என்று சொல்லி வைத்துவிட்டாள். போதகர் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு அன்றைய பிரசங்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, தானும் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாராம். பியானோ வாசித்தவர் சொன்னது இது.

ஆஸ்பத்திரிக்கு மான்சு ஏழு மணிக்கே போய்விட்டார். யோன்சிம் தலையில் நீலத் தொப்பி போட்டுச் சக்கரக் கட்டிலில் கிடந்தாள். மடியில் துண்டு. போரா தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக நின்றாள்.

“ஏன் இவ்ளோ சீக்கிரம்?” என்றாள் யோன்சிம். “கிழவிங்களக் கொன்னுட்டீங்களா?”

“வீட்டுல விட்டுட்டேன்.”

“ஜெபம் பண்ணீங்களா?”

“பண்ணேன்.”

“ஓட்டிக்கிட்டேவா?”

“நிறுத்திட்டு. எஞ்சினையும் அணைச்சிட்டு.”

அவள் அவர் முகத்தை ஆராய்ந்தாள். பொய் சொன்னால் அவர் காது சிவக்கும். சிவக்கவில்லை. “என்ன சொன்னீங்க?”

“உம் பேரச் சொன்னேன்.”

“போரா அம்மான்னா?”

“யோன்சிம்னு.”

முப்பத்தைந்து வருடத்தில் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்பது கல்யாணப் பதிவு ஆபீசுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

“அவ்ளோதானா?” என்றாள் கடைசியில்.

“ரெண்டு தடவ சொன்னேன். கிழவிங்க போட்ட சத்தத்துல முதல் தடவ கேட்டிருக்காதோன்னு.”

யோன்சிம் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று போரா குனிந்து பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை. நர்ஸ் வந்து, வயிற்றை அசைக்கக்கூடாது என்றாள். “இவர்கிட்ட சொல்லுங்க,” என்றாள் யோன்சிம், துண்டுக்குள்ளிருந்து. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அவள் துண்டை விடவில்லை. பிறகு நர்ஸ் அதை வெளியே கொண்டுவந்து மான்சுவிடம் கொடுத்தாள். முழு வருகை என்ற இடம் ஈரமாக இருந்தது.

காத்திருக்கும் கூடத்தில் சுவரில் ஒரு திரை. உள்ளே இருப்பவர்களின் பெயர் வரிசையாக ஓடும். அடுத்தவர் தெரிந்துகொள்ளக்கூடாதென்று பெயரின் நடுப்பகுதியை அழித்து வட்டம் போட்டிருப்பார்கள். ‘சூ ○ சிம் — அறுவை சிகிச்சை நடக்கிறது.’ நாலு மணி நேரமாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

மான்சு உட்கார்ந்தார். வாசலில் வண்டி வழிவிடவில்லை என்று யாரும் ஹாரன் அடிக்கவில்லை. மழலையர் பள்ளிக்கு வேறு ஆள் போயிருந்தார். சிப்பி மூட்டை இல்லை. நாலு மணி நேரம். பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல அவருக்குக் கிடைத்ததில்லை. இப்படிக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்கவும் மாட்டார். போன் அடித்தது. போதகர். மான்சு போனை அணைத்தார். அதை எப்படி அணைப்பது என்று போராவிடம் கேட்க வேண்டியிருந்தது.

துண்டை மடியில் வைத்துக் கையைக் கோத்தார். திரையில் பாதிப் பெயர்தான் இருக்கிறது, இதைப் பார்த்துத் தேவனுக்குக் குழப்பம் வந்துவிடக்கூடாது என்று நினைத்தார். கண்ணை மூடி, முழுப் பெயரையும் சொன்னார். சூ யோன்சிம். வயதைச் சொன்னார். பொல்க்யோ பாலத்துக்குப் பக்கத்துச் சிப்பிக் கடை என்று அடையாளம் சொன்னார். அதற்கப்புறம் சொல்ல ஒன்றும் இருக்காது என்று நினைத்திருந்தார். இருந்தது. வேன் சாவி வாங்கிய அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்தது.

தோளை யாரோ உலுக்கினார்கள். போரா. அவள் முகம் மலர்ந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“அப்பா! போர்டப் பாருங்க! வெளிய கொண்டுவந்துட்டாங்க, நல்லபடியா முடிஞ்சதாம். டாக்டர் வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு, நீங்க அசையவே இல்ல.” துண்டை எடுத்து அவர் கன்னத்தைத் துடைத்தாள். “தூங்கிட்டீங்களா?”

“இல்ல,” என்றார் மான்சு.

இந்தத் தடவை அது உண்மை.